பிட் சூடா இருந்தா மட்டும் ஈயம் உருகிடாது

ரொம்ப வருஷமா, ஈயத்த உருக்கி போர்டுல பாகங்கள ஒட்ட ஒரு 25 வாட் சால்ட்ரிங் அயர்ன வச்சுத்தான் எல்லா வேலையும் பாத்துட்டு இருந்தேன். ரெசிஸ்டர், எல்இடி, சின்னச் சின்ன கிட்டு எல்லாம் அதுலயே நல்லா நடந்துச்சு. ஒரு நாள் ஒரு ஆம்ப்ளிஃபயர் போர்டுல பழைய ஃபில்டர் கெப்பாசிட்டரக் கழட்ட வேண்டி வந்துச்சு. பாசிட்டிவ் கால் உடனே வந்துடுச்சு, நெகட்டிவ் கால் போர்டு முழுக்கப் பரவிக் கிடக்குற கிரவுண்ட் காப்பர்ல உக்காந்திருக்கு, பிட்ட, அதாவது அயர்னோட முனைய, வச்சா ஈயம் உருகவே மாட்டேங்குது, லேசா கஞ்சி மாதிரி குழையுது, திரும்ப இறுகிடுது. இருபது செகண்ட், முப்பது செகண்டுன்னு அழுத்திப் பிடிச்சேன், கடைசில கெப்பாசிட்டர் வந்துச்சு, கூடவே அந்தக் கால் ஒட்டியிருந்த காப்பர் பேடும் போர்ட விட்டு உரிஞ்சு வந்துடுச்சு.

அயர்ன் ரொம்ப சூடாகி போர்ட எரிச்சிடுச்சுன்னுதான் அன்னிக்கு நினைச்சேன். நடந்தது நேர் எதிர். சூடு போதல, போதாததாலதான் அவ்ளோ நேரம் பிடிக்க வேண்டியிருந்துச்சு, அந்த நேரம்தான் காப்பர போர்டோட ஒட்டி வச்சிருந்த பிசினக் கெடுத்துடுச்சு. சூட்ட கன்ட்ரோல் பண்ற பெட்டியோட வர்ற நல்ல சால்ட்ரிங் ஸ்டேஷன் ஒண்ணு எதுக்குன்னு யாராவது கேட்டா நான் இந்த இடத்துல இருந்துதான் ஆரம்பிப்பேன்.

நாம பேச்சுல ஈயம்னு சொல்றது சால்டர்ங்கிற கலப்பு உலோகத்த. 63 பங்கு தகரம், 37 பங்கு நிஜ ஈயம் கலந்த சால்டர் 183 டிகிரியிலேயே உருகிடும். ஈயம் இல்லாத வகைன்னா, 3 சதவீதம் வெள்ளியும் 0.5 சதவீதம் காப்பரும் மீதி தகரமுமா வர்றது, 217 டிகிரிக்கு மேல போகணும். சாதா அயர்ன் சும்மா ஸ்டாண்டுல இருக்கும்போதே 400 டிகிரி பக்கம் போயிடும், அப்புறம் ஏன் 183-ல உருகுறத அதால உருக்க முடியல? ஏன்னா பிட் எவ்ளோ சூடா இருக்குங்கிறது ஒரு கேள்வி, அதுல இருந்து செகண்டுக்கு எவ்ளோ வெப்பம் ஜாயிண்டுக்குள்ள இறங்குதுங்கிறது வேற கேள்வி.

ஒரு சின்ன கணக்கு போட்டுப் பாப்போம். 25 வாட் அயர்ன்ல எந்தக் கன்ட்ரோலும் கிடையாது, உள்ள நிக்ரோம் கம்பி எப்பவும் 25 வாட் குடுத்துட்டே இருக்கும். அது 400 டிகிரியில நிக்குதுன்னா, உள்ள வர்ற 25 வாட்டும் அப்படியே காத்துக்குப் போகுதுன்னு அர்த்தம், கையில மிச்சம் எதுவும் இல்ல. இப்ப கிரவுண்ட் பின்னுல வைக்கிறோம், பிட்டோட சூடு 250-க்கு இறங்குதுன்னு வச்சுப்போம். ரூம் 30 டிகிரின்னா, காத்துக்குப் போறது தோராயமா 15 வாட்டா குறையும், அப்ப ஜாயிண்டுக்குக் கிடைக்கிறது வெறும் 10 வாட். காப்பர் பிளேன், அதாவது போர்டுல பரவிக் கிடக்குற அந்த கிரவுண்ட் காப்பர், அந்த 10 வாட்ட போர்டு முழுக்க இழுத்துக் கொண்டு போயிடும். காப்பர் வெப்பத்தக் கடத்துறதுல வெள்ளிக்கு அடுத்த இடத்துல இருக்குற உலோகம், அதனாலதான் நல்ல டிசைன்ல கிரவுண்ட் பேட நாலு மெல்லிசான காப்பர் காலால மட்டும் பிளேனோட இணைச்சிருப்பாங்க. எல்லா போர்டுலயும் அது இருக்காது.

அப்ப வாட் ஜாஸ்தியா உள்ள அயர்ன் வாங்கிடலாமேன்னு தோணும். கன்ட்ரோல் இல்லாத 60 வாட் அயர்ன் வாங்கினா, சும்மா இருக்கும்போதே எக்கச்சக்கமா சூடேறி பிட் கருத்துப் போயிடும், உலோகத்த சுத்தம் பண்ற ஃப்ளக்ஸ் தொட்ட உடனே புகையா போயிடும். வேண்டியது என்னன்னா சும்மா இருக்கும்போது கொஞ்சமா எடுத்துக்கணும், வேலை வரும்போது மொத்தமா குடுக்கணும். இதுக்குத்தான் சென்சாரும் கன்ட்ரோலரும்.

ஆனா சென்சார் இருந்தா மட்டும் போதாது, அது எங்க இருக்குங்கிறதுலதான் விஷயமே இருக்கு. ஹக்கோ 936 மாதிரி ஸ்டேஷன்ல பீங்கான் ஹீட்டர் ஒண்ணு குச்சி மாதிரி நீட்டிட்டு இருக்கும், அது மேல பிட்ட உறை மாதிரி மாட்டுவோம். ஹீட்டருக்கும் பிட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு காத்து இடைவெளி இருக்கும். காப்பரோட கடத்துதிறன் 400 பக்கம்னா அதே அளவுகோல்ல காத்தோடது 0.025 தான். தோசைக்கல்ல அடுப்ப விட்டு ஒரு ஜாண் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு தோசை சுடுற மாதிரி, தீ எரியுது, கல்லுக்கு வந்து சேரல. சென்சாரும் ஹீட்டர் பக்கமே இருக்குறதால, முனையில சூடு இறங்கினது அதுக்குத் தெரிய நேரமாகும். டிஸ்பிளேல 350-ன்னு காட்டும், ஜாயிண்ட தொட்டுட்டு இருக்குற முனை 250-ல இருக்கும். ஆனாலும் சின்ன வேலைக்கு அது நல்ல கருவி, அத வச்சு பல வருஷம் நேர்த்தியா வேலை பாத்தவங்க நிறைய பேர் இருக்காங்க.

அடுத்த தலைமுறை கார்ட்ரிட்ஜ். ஹக்கோ டி12, ஜேபிசி சி245 எல்லாம் இந்த வகை. இதுல பிட், ஹீட்டர், சென்சார் மூணும் ஒரே துண்டு. முனைக்குச் சில மில்லிமீட்டர் பின்னாடி ஹீட்டர், அதுக்குப் பக்கத்துலயே சூட்ட அளக்குற தெர்மோகப்பிள், நடுவுல காத்துக்கு இடமே இல்ல. டி12-ஓட ஹீட்டர் 8 ஓம், 24 வோல்ட் குடுத்தா 3 ஆம்பியர், அதாவது 72 வாட். ஆனா 330 டிகிரியில சும்மா இருக்கும்போது அதுல சின்ன பங்குதான் செலவாகும், மிச்சமெல்லாம் கையிருப்பு. முனை ஜாயிண்ட தொட்ட உடனே சூடு இறங்குறது சென்சாருக்குத் தெரியும், கன்ட்ரோலர் முழு பவரையும் தள்ளும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், டி12-ல ஹீட்டரும் தெர்மோகப்பிளும் ஒரே ரெண்டு வயர்ல சீரிஸா இருக்குறதுதான். 24 வோல்ட் போயிட்டு இருக்குற அதே வயர்ல சில மில்லிவோல்ட்ட எப்படி அளக்குறது? கன்ட்ரோலர் நொடிக்குப் பல தடவை பவரக் கொஞ்ச நேரம் நிறுத்தும், அந்த இடைவெளியில தெர்மோகப்பிள் என்ன சொல்லுதுன்னு கேக்கும், திரும்ப பவரக் குடுக்கும். ரெண்டு வேற வேற உலோகத்த சேர்த்து ஒரு முனைய சூடாக்கினா வோல்டேஜ் வரும்ங்கிற சீபெக் விளைவு 1821-லயே தெரிய வந்த சங்கதி, அதுதான் இன்னிக்கும் இந்த பிட்டுக்குள்ள உக்காந்திருக்கு. ஒரே ஒரு சிக்கல், அது ரெண்டு முனைக்கும் உள்ள வித்தியாசத்த மட்டும்தான் சொல்லும், அதனால கைப்பிடி பக்கம் எவ்ளோ சூடுன்னும் தெரிஞ்சாகணும். இத சரியா கணக்குல எடுக்காத மலிவு கன்ட்ரோலர்ல வேலை செய்யச் செய்ய காட்டுற எண் தள்ளிப் போகும்.

எலக்ட்ரானிக் சென்சாரே இல்லாம சூட்டக் காப்பாத்துறதும் உண்டு. வெல்லர் மேக்னாஸ்டாட் பிட்டோட பின்பக்கம் ஒரு காந்த உலோகத் துண்டு இருக்கும், அத கைப்பிடிக்குள்ள இருக்குற காந்தம் இழுத்துப் பிடிச்சு சுவிட்ச ஆன்ல வச்சிருக்கும். கியூரி வெப்பநிலைய தொட்ட உடனே அந்தத் துண்டுக்கு காந்தத் தன்மை போயிடும், சுவிட்ச் 'டக்'னு விட்டுடும். பிட் பின்னாடி 7-ன்னு போட்டிருந்தா 700 ஃபாரன்ஹீட், நம்ம கணக்குல 370 டிகிரி. மெட்கல் கம்பெனி இத இன்னும் மேல கொண்டு போச்சு, காப்பர் மேல காந்தக் கலவைய ஒரு தோல் மாதிரி போர்த்தி அதுல 13.56 மெகாஹெர்ட்ஸ் கரண்ட விடுவாங்க. அவ்ளோ வேகமான கரண்ட் மேல் தோல்லயே ஓடும், அங்க ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தி, சூடாகும். கியூரி புள்ளி வந்ததும் காந்தத் தன்மை போய் கரண்ட் உள்ள காப்பருக்கு இறங்கிடும், சூடாகுறது தானா அடங்கிடும். அளந்து பாக்க ஒரு சில்லு கூட வேணாம், உலோகமே முடிவு பண்ணிக்குது.

நல்ல ஸ்டேஷன் வந்ததும் முதல்ல செய்ய வேண்டியது டிகிரியக் குறைக்கிறது. பழைய பழக்கத்துல 400-ல வைக்கிறவங்க நிறைய. ஈயம் கலந்த சால்டருக்கு 320, 330 தாராளம். பிட்டோட உள்ள காப்பர், வெளிய இரும்புப் பூச்சு, ஏன்னா உருகின தகரம் காப்பரக் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுத் தின்னுடும். அந்தப் பூச்சு போச்சுன்னா பிட்டே போச்சு, சூடு ஏற ஏற அது சீக்கிரம் தேயும், கருத்தும் போகும். உப்புத்தாளால தேய்க்கவே கூடாது. பித்தளை நார்ல துடைச்சு, புது ஈயம் கொஞ்சம் பூசி வைங்க, அது போதும். தெருவுல பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுறவர் நவச்சாரத்தத் தூவித் துடைப்பாரே, அவர் பண்றதும் ஃப்ளக்ஸ் பண்றதும் ஒரே வேலைதான், மேல இருக்குற ஆக்ஸைட எடுத்துட்டு உலோகத்த உலோகத்தோட தொட விடுறது.

பிட் வடிவத்துல ஊசி முனைய விட்டுடுங்க. கூர்மையா இருந்தா நுணுக்கமா செய்யலாம்னு தோணும், ஆனா ஒரு புள்ளி மட்டும் பட்டா வெப்பம் இறங்க வழியே இருக்காது. 2.4 மில்லிமீட்டர் உளி பிட் ஒண்ணு முக்கால்வாசி வேலைக்குப் போதும். சென்னையில ரிச்சி தெரு பக்கம் போனா டி12 நகல் பிட் கிடைக்குது, வாங்குறப்ப ஸ்டேஷனோட எர்த் பின்னுக்கும் பிட் முனைக்கும் மல்டிமீட்டர் வச்சுப் பாருங்க, சில ஓமுக்குள்ள இருக்கணும். அது இல்லன்னா, நிலை மின்சாரம் பட்டாலே கெட்டுப் போற மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர் மாதிரி பொருள தொடவே நான் விடமாட்டேன்.

நல்ல ஸ்டேஷன் வந்ததுக்கு அப்புறம் அந்தப் பழைய ஆம்ப்ளிஃபயர் போர்ட எடுத்து உக்காந்தேன். பேட் போன இடத்துக்குப் பக்கத்துல பச்சைப் பூச்ச பிளேடால சுரண்டி காப்பர வெளிய எடுத்து, ஃப்ளக்ஸ் வச்சு, உளி பிட்டோட தட்டையான பக்கத்த படிய வச்சேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணறதுக்குள்ள ஈயம் தண்ணி மாதிரி பரவி பளபளன்னு படிஞ்சுது, அதே கிரவுண்ட் பிளேன், 330 டிகிரி. அங்க இருந்து கெப்பாசிட்டர் கால் வரைக்கும் ஒரு துண்டு வயர் போட்டேன். போர்டு இன்னிக்கும் பாடிட்டு இருக்கு.