லிக்விடேஷன் என்றால் ‘கலைப்பு’ இல்லை

கிரிப்டோ ஃபியூச்சர்ஸில், அதாவது பிட்காயின் போன்றவற்றின் விலை ஏறும், இறங்கும் என்று கணித்து எடுக்கும் ஒப்பந்தங்களில், இருப்பவர் ‘லிக்விட் ஆயிட்டேன்’ என்றால், அவர் எடுத்திருந்த பொசிஷனை (ஒப்பந்தத்தை) வர்த்தகம் நடக்கும் எக்ஸ்சேஞ்சே மூடிவிட்டது, அதற்கு ஈடாக வைத்திருந்த பணமான மார்ஜினும் போய்விட்டது என்று பொருள். இந்த லிக்விடேஷனைத் தமிழில் ‘கலைப்பு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது கம்பெனிச் சட்டத்துச் சொல்: நிறுவனத்தின் சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிட்டு, நிறுவனத்தையே இல்லாமல் செய்வது. இங்கே அப்படி எதுவும் கலைவதில்லை.

மூலம் லத்தீன். ‘லிக்விடுஸ்’ என்றால் நீர்மமானது. தெளிந்தது என்றும் பொருள் உண்டு. தெளிந்தது என்ற பொருள்தான் கணக்குப் புத்தகத்துக்குள் வந்தது. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டிலேயே கணக்கைத் தெளிவாக்குவது, யார் யாருக்கு எவ்வளவு என்று நேர் செய்வது என்ற பொருளில் இந்தச் சொல் புழங்கியது. சொத்தை விற்றுக் காசாக்குவது என்ற பொருள் ரொம்பப் பிந்தி வந்தது. ஆக, மூலப்பொருளுக்குக் ‘கணக்குத் தீர்த்தல்’ சரியாகவே இருக்கும். ஆனால் கிரிப்டோவில் கணக்கைத் தீர்ப்பது நாமல்ல, நம்மைக் கேட்பதும் இல்லை.

பிட்மெக்ஸ் எக்ஸ்சேஞ்ச் 2016-இல் காலாவதி இல்லாத பெர்பெச்சுவல் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது. 100 மடங்கு வரை லெவரேஜும், அதாவது வைத்த மார்ஜினைவிட அத்தனை மடங்கு பெரிய பொசிஷன் எடுக்கும் வசதியும், கொடுத்தது. அதற்கப்புறம்தான் இந்தச் சொல் சில்லறை வர்த்தகர் வாயில் அன்றாடம் புழங்கத் தொடங்கியது. கணக்கு இப்படி: பிட்காயின் 1,00,000 டாலரில் இருக்கிறது. 1,000 டாலர் மார்ஜின் வைத்து, 10 மடங்கில் 10,000 டாலருக்கு வாங்குகிறீர்கள். விலை 90,000-க்கு இறங்கினால் மார்ஜின் முழுக்கக் காலி. ஆனால் எக்ஸ்சேஞ்ச் அதுவரை காத்திருக்காது. பராமரிப்பு மார்ஜின், அதாவது பொசிஷன் மூடப்படாமல் இருக்க மிஞ்ச வேண்டிய குறைந்தபட்ச ஈடு, பொசிஷன் மதிப்பில் அரை சதவீதம் என்றால், 90,450 பக்கத்திலேயே மூடிவிடும். அதே பொசிஷனை 50 மடங்கில் எடுத்திருந்தால் ஒன்றரை சதவீதச் சரிவு போதும். பிட்காயினுக்கு அது ஒரு சாதாரண மத்தியான வேளை.

தமிழில் இதற்கு ஏற்கெனவே ஒரு பேச்சு இருக்கிறது. அடகு வைத்த நகையை மீட்காமல் விட்டால் ‘நகை மூழ்கிப்போச்சு’ என்கிறோம். மார்ஜின் என்பது ஈடு. அது போவது ‘ஈடு மூழ்குதல்’. லிக்விடேஷன் பிரைஸ் ‘மூழ்கும் விலை’. ஒரே வித்தியாசம், அடகுக்கடையில் தவணையும் ஏல நோட்டீஸும் உண்டு. இங்கே சில நொடிகள்தான். 2025 அக்டோபர் 10 அன்று சீனப் பொருட்களுக்குக் கூடுதலாக 100 சதவீத வரி என்று டிரம்ப் அறிவித்ததும், ஒரு நாளைக்குள் சுமார் 1,900 கோடி டாலர் மதிப்புள்ள பொசிஷன்கள் மூழ்கின.

மூழ்கும் விலையை ஸ்டாப் லாஸாக, அதாவது நஷ்டத்தை நிறுத்த நாமே முன்கூட்டி வைக்கும் வெளியேறும் விலையாக, நினைத்துக்கொள்கிறவர்கள் நிறைய. ‘போனால் மார்ஜின்தானே’ என்பார்கள். வரிசையை மாற்றிப் போட வேண்டும். முதலில் எவ்வளவு இழக்கலாம் என்று வையுங்கள். கையில் 10,000 டாலர் இருந்து, ஒரு சதவீதம் என்றால் 100 டாலர். ஸ்டாப் 3 சதவீதம் தள்ளி என்றால், பொசிஷன் சுமார் 3,300 டாலர். லெவரேஜ் எத்தனை மடங்கு என்பது கடைசியில் வரும் கேள்வி. மூழ்கும் விலை அந்த ஸ்டாப்புக்கு நன்றாகத் தள்ளி விழும்படி அதை வைத்தால் சரி. வேகமான சரிவில் ஸ்டாப்பும் கொஞ்சம் தள்ளியே நிறைவேறும். அதற்கும் இடம் விட வேண்டும்.

இன்னொன்று, மார்ஜின் முறை ஐசோலேட்டடா கிராஸா என்று பாருங்கள். ஐசோலேட்டடில் அந்தப் பொசிஷனுக்கு ஒதுக்கிய ஈடு மட்டும் மூழ்கும். கிராஸில் ஃபியூச்சர்ஸ் கணக்கில் கிடக்கும் மீதிப் பணமும் ஈடுதான். மூழ்கும் விலை தூரத்தில் தெரிவதே அதனால்தான்.