மெட்ராஸ் பங்குச் சந்தை காலத்துக் காகிதப் பங்குப் பத்திரம் கையில் இருக்கிறதா?

“அந்தச் சந்தையையே மூடிவிட்டார்கள், இது இனி செல்லாது” என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சந்தை என்பது பங்கை விற்கும் இடம் மட்டும்தான். உங்கள் உரிமை நிறுவனத்திடம் இருக்கிறது.

1994-ல் தேசியப் பங்குச் சந்தையின் கணினி வர்த்தகம் வந்ததும் வட்டாரச் சந்தைகள் வற்றின. ஆண்டுக்கு 1,000 கோடி ரூபாய் வர்த்தகம் இல்லாத சந்தைகள் வெளியேற 2012-ல் பங்குச் சந்தைகளை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி விதி போட்டது. கோவை 2013-லும் சென்னை 2015-லும் மூடின.

மாட்டிக்கொண்டது, அங்கு மட்டுமே பட்டியலிட்ட நிறுவனங்களில் பங்கு வைத்திருந்தவர்கள். அந்த நிறுவனங்களை ‘டிசெமினேஷன் போர்டு’ என்ற தகவல் பலகையில் ஏற்றினார்கள். தேசியச் சந்தைக்குப் போ, இல்லையென்றால் பங்கை நியாய விலைக்கு வாங்கிக்கொள் என்று புரமோட்டர்களுக்கு, அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு, 2016-ல்தான் உத்தரவு வந்தது. வீடு மாறியவருக்கும் இறந்தவரின் வாரிசுக்கும் அது எப்படித் தெரியும்? அதைப் பற்றி யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

சரி, முதலில் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் நிறுவனத்தைத் தேடுங்கள், பெயர் மாறியிருக்கலாம். பதிவு எண் ‘எல்’ என்று தொடங்கினால் பட்டியலிட்டது, ‘யு’ என்றால் பட்டியலிடாதது. இதைப் பார்க்காமல் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போடாதீர்கள். பட்டியலிடாத நிறுவனம் என்றால் ‘எங்கள் வரம்பில் இல்லை’ என்று மூடிவிடுவார்கள். அதற்குக் கம்பெனிப் பதிவாளரிடம்தான் போக வேண்டும்.

ஏழு ஆண்டு தொடர்ந்து டிவிடெண்ட் (லாபப் பங்கு) வாங்காமல் விட்டிருந்தால் பங்கே ஐஇபிஎஃப் என்ற அரசின் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். திரும்பப் பெறலாம், கட்டணம் இல்லை. ஆனால் நேராக ஐஇபிஎஃப்-5 என்ற விண்ணப்பப் படிவத்தில் குதிக்காதீர்கள். முதலில் நிறுவனத்திடம் உரிமைக் கடிதம் வாங்குங்கள். பங்கை மின்னணு வடிவில் வைக்கும் டீமேட் கணக்கும் வேண்டும். பத்திரத்தில் ‘எஸ். ராமசாமி’, பான் அட்டையில் ‘ராமசாமி சுப்பையா’ என்றிருந்தால் அங்கேயே நிற்கும். பெயர்ச் சிக்கலை முதலில் தீருங்கள்.

இறந்தவரின் பங்கைத் தங்கள் பெயருக்கு மாற்றக் கேட்கும் வாரிசுகளை நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு அனுப்புவது ஒரு வழக்கமாகிவிட்டது. பட்டியலிட்ட நிறுவனத்தின் காகிதப் பங்கு 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் நீதிமன்றச் சான்றிதழ் தேவையில்லை. தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல், பிணைப் பத்திரம் போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

அப்புறம், ‘பாதி கொடுங்கள், மீட்டுத் தருகிறோம்’ என்று வரும் ஏஜென்டிடம் அசல் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள். நிறுவனத்துக்கு அனுப்புவதானாலும் இரண்டு பக்கமும் நகல் எடுத்துக்கொண்டு, ஒப்புகை வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள்.