ஸ்க்ரீனையே பிடிச்சு இழுத்த கம்ப்யூட்டர்

பழைய அமிகா கம்ப்யூட்டர் ஓடுற வீடியோ ஒண்ணைப் பார்த்துட்டு ஒரு வாசகர் கேட்டிருந்தார். அதுல ஒருத்தர் மேல இருக்கிற பட்டையை மவுஸால பிடிச்சு மொத்த ஸ்க்ரீனையும் கீழ இழுக்கிறார், பின்னாடி இன்னொரு ஸ்க்ரீன் தெரியுது, அதுல எழுத்தோட அகலம் வேற, கலர் எல்லாமே வேற. ஒரே மானிட்டர்ல மேல் பாதி ஒரு ரெசல்யூஷன், கீழ் பாதி இன்னொரு ரெசல்யூஷன்னா அது எடிட்டிங்தானேன்னு அவர் சந்தேகம்.

எடிட்டிங் இல்லைங்க, நிஜமாவே அப்படித்தான் ஓடுச்சு, அதுவும் 1985லயே. அமிகா 1000 அந்த வருஷம் ஜூலைல நியூயார்க்ல அறிமுகமாச்சு, விலை 1,295 டாலர், மானிட்டர் தனி. மெமரி வெறும் 256 கேபி, இப்போ போன்ல எடுக்கிற ஒரு போட்டோ கூட அதுக்குள்ள அடங்காது. மவுஸ், விண்டோ எல்லாம் ஜெராக்ஸ் கம்பெனியோட ஆல்டோ கம்ப்யூட்டர்ல 1970கள்லயே இருந்துச்சு, மேக்கின்டோஷ் 1984ல கறுப்பு வெள்ளைல கொண்டு வந்துச்சு, அந்தக் கதை எல்லாருக்கும் தெரியும். அமிகா வீட்டுக்கு வாங்குற விலையிலயே கலரையும், ஒரே நேரத்துல பல புரோகிராம் ஓட்டுற வசதியையும் சேர்த்துக் கொடுத்துச்சு. விண்டோஸ்ல வீட்டு ஆளுங்களுக்கு அந்த மாதிரி மல்டிடாஸ்கிங் ஒழுங்கா வர்றதுக்கு 1995 ஆச்சு.

சரி, கேள்விக்கு வருவோம். அப்போ இருந்த மானிட்டரும் டிவியும் பிக்சர் டியூப். உள்ள எலக்ட்ரான் கற்றை ஒண்ணு இடது மேல் மூலைல ஆரம்பிச்சு வலது பக்கம் போகும், திரும்ப வந்து அடுத்த வரி, இப்படியே கடைசி வரி வரைக்கும் போய்ட்டு மறுபடி மேல வரும். அமெரிக்க டிவி கணக்குல செகண்டுக்கு 60 தடவை, ஒரு வரிக்கு சுமார் 63 மைக்ரோசெகண்ட். முழுப் படம்னு ஒண்ணு எந்தக் கணத்துலயும் ஸ்க்ரீன்ல கிடையாது, ஓடிக்கிட்டே இருக்கிற ஒரு புள்ளிதான் இருக்கு, மத்ததெல்லாம் ஸ்க்ரீனோட உட்பக்கம் இருக்கிற, கற்றை பட்டா ஒளிர்ற பாஸ்பர் பூச்சோட மினுக்கமும் நம்ம கண்ணோட வேலையும்தான். அதனால பிக்சர் டியூப்ல 'இடம்'னு சொல்றதும் 'நேரம்'னு சொல்றதும் ஒண்ணுதான். 100வது வரி எங்க இருக்குன்னு கேட்டா, கற்றை மேல இருந்து கிளம்பி ஆறேகால் மில்லிசெகண்ட் கழிச்சு எங்க இருக்கோ அங்க.

இதை அடி ஆழம் வரைக்கும் புரிஞ்சவர் அமிகாவோட சிப்களை உருவாக்குன டீமுக்குத் தலைவரா இருந்த ஜே மைனர். அட்டாரி 2600 கேம் மெஷினோட வீடியோ சிப்பை உருவாக்குனதுல முக்கியமானவர், அதுல மெமரி அவ்வளவு குறைவு, ஒரு முழுப் படத்தை வைக்கவே இடம் கிடையாது, கற்றை ஓட ஓட புரோகிராம் கூடவே ஓடி வரியை வரைஞ்சு கொடுக்கணும். அந்த ஓட்டத்தை மெயின் பிராசஸர் தலைல கட்டாம, அதுக்குன்னே ஒரு குட்டி சர்க்யூட்டை அமிகாவோட ஆக்னஸ் சிப்புக்குள்ள வச்சாங்க. அதுக்குப் பேரு காப்பர். செம்பு இல்லை, கோ-பிராசஸர்ங்கிறதோட சுருக்கம்.

காப்பருக்குத் தெரிஞ்சது மொத்தமே மூணு கட்டளை. கற்றை இந்த இடத்துக்கு வர்ற வரைக்கும் காத்திரு. இந்த ரிஜிஸ்டர்ல (சிப்புக்குள்ள ஒரு எண்ணை வைக்கிற குட்டி இடம்) இந்த எண்ணை எழுது. கற்றை ஏற்கனவே அந்த இடத்தைத் தாண்டிடுச்சுன்னா அடுத்த கட்டளையை விட்டுடு. அவ்வளவுதான்! கூட்டல் கழித்தல் கூட தெரியாது. ஒவ்வொரு கட்டளையும் 4 பைட்.

இதை வச்சு என்ன பண்ணலாம்னு பாருங்க. பின்னணி நிறத்துக்கு ஒரு ரிஜிஸ்டர் இருக்கு. 1வது வரிக்குக் காத்திரு, நீலம் எழுது, 2வது வரிக்குக் காத்திரு, கொஞ்சம் வெளிர் நீலம் எழுதுன்னு 200 வரிக்கும் லிஸ்ட் போட்டா அந்தி வானம் மாதிரி ஸ்க்ரீன் பூரா நிறம் மெதுவா மாறிக்கிட்டே இறங்கும். செலவு 1,600 பைட். படம்னு மெமரில ஒரு புள்ளி கூட வரையல. இதை முதல்ல படிச்சப்போ எனக்கு ரெண்டு நாள் வேற எதுலயும் மனசு போகல.

இப்போ அந்த ஸ்க்ரீன் இழுக்கிறது. அமிகாவோட சாதாரண டெஸ்க்டாப் 640க்கு 200 புள்ளி, 4 நிறம், அதாவது 32,000 பைட். அதை பிராசஸர் அள்ளி அள்ளி நகர்த்தணும்னா செகண்டுக்கு 60 தடவை, கிட்டத்தட்ட 20 லட்சம் பைட், 7 மெகாஹெர்ட்ஸ்ல ஓடுற மோட்டோரோலா 68000 அதோடவே படுத்துடும். அமிகா ஒரு பைட்டைக் கூட நகர்த்தல. காப்பர் லிஸ்ட்ல '80வது வரிக்குக் காத்திரு, அப்புறம் படத்தை மெமரில இந்த முகவரில இருந்து எடு, இந்த நிறங்களை வச்சுக்கோ'ன்னு இருக்கும். மவுஸ் ஒரு வரி கீழ வந்தா 80ங்கிறது 81 ஆகும். படம் இருந்த இடத்துலயே இருக்கு, அது ஆரம்பிக்கிற நேரம்தான் தள்ளிப் போகுது.

ரெண்டு ரெசல்யூஷனுக்கும் பதில் இதேதான். ஒரு புள்ளியோட அகலம்னா அந்த நிறம் எவ்வளவு நேரம் நீடிக்குதுங்கிறதுதானே? 320 புள்ளி மோட்ல ஒரு புள்ளிக்கு 140 நானோசெகண்ட், 640ல 70. அதனால பாதில காப்பர் சில ரிஜிஸ்டர்களை மாத்தி எழுதினா போதும், டெனிஸ்ங்கிற வீடியோ சிப் அந்த வரில இருந்து ரெண்டு மடங்கு வேகமா புள்ளிகளைத் தள்ள ஆரம்பிச்சிடும். கற்றைக்கு இது எதுவுமே தெரியாது, அது பாட்டுக்கு அதே வேகத்துல ஓடிக்கிட்டிருக்கும்.

இவ்வளவு யோசிச்ச ஆளுங்களுக்கு அப்போ காசு இல்லைங்கிறதுதான் எனக்கு மனசு ஆறாத விஷயம். சிப் வேலைக்குப் பணம் சேர்க்க ஜாய்ஸ்டிக் தயாரிச்சு வித்தாங்க, அப்புறம் அட்டாரி கிட்ட 5 லட்சம் டாலர் கடன் வாங்கினாங்க, அதைத் திருப்பிக் கொடுக்கிற கெடு முடியப் போற நேரத்துல 1984ல கமடோர் கம்பெனி வாங்கிக் காப்பாத்துச்சு. அந்த கமடோரே 1994 ஏப்ரல்ல மூடிடுச்சு, ரெண்டு மாசத்துல ஜே மைனரும் போயிட்டார். மூணு கட்டளை மட்டும் தெரிஞ்ச சர்க்யூட் எதுக்கு உதவும்னு ஆரம்பத்துலயே லாபக் கணக்கு கேட்டா யாராலயும் சொல்லியிருக்க முடியாது, அதனாலதான் இந்த மாதிரி அடிப்படை வேலைக்கு விற்பனையைப் பார்க்காம பொறுமையா பணம் கொடுக்கிற ஏற்பாடு கண்டிப்பா வேணும்னு நான் நம்புறேன். அமிகா 1000 மூடியைக் கழட்டினா உட்பக்கம் அந்த டீம்ல இருந்தவங்க கையெழுத்து எல்லாம் அச்சாகியிருக்கும், கூடவே ஜே மைனரோட நாய் மிட்சியோட கால் தடமும் இருக்கும்.

அந்த வீடியோவை இன்னொரு தடவை பாருங்க. ஸ்க்ரீனை மேல கீழதான் இழுப்பாங்க, பக்கவாட்டுல மாட்டாங்க. ரெண்டு ஸ்க்ரீன் பக்கம் பக்கமா நிக்கணும்னா ஒவ்வொரு வரியோட நடுவுலயும் எல்லாத்தையும் மாத்தி எழுதணும், காப்பருக்கு அவ்வளவு வேகம் கிடையாது. அதோட ரெண்டு ஸ்க்ரீனும் சேர்ற இடத்துல மெல்லிசா ரெண்டு மூணு வரிக்கு ஒரு வெற்றுப் பட்டை தெரியும். அது கோளாறு இல்லை, கற்றை அந்த வரிகளைத் தாண்டுற நேரத்துலதான் காப்பர் புது முகவரியையும் புது நிறங்களையும் ஒண்ணொண்ணா எழுதிக்கிட்டிருக்கு.