கரடிக்கு நாம் வருவது தெரிய வேண்டும்: வில்பத்துவில் கூடாரம் அடிக்கும் முன்

ஜூன் மாதப் பொசன் போயா வார இறுதியை ஒட்டி வந்துவிட்டால் கொழும்பின் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளில் வில்பத்து தேசியப் பூங்காவைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். வனசீவராசிகள் திணைக்களத்தில் கூடார இடம் பதிந்தாயிற்றா, ஜீப்புக்கு யாரைப் பிடிப்பது, சமையலுக்கு என்ன சாமான் என்று பட்டியல் நீளும். பிறகு யாராவது ஒருவர் கைப்பேசியில் கரடிக் காட்டில் பாதுகாப்பாகத் தங்குவது எப்படி என்று தேடுவார். கிடைப்பதில் பெரும்பகுதி வட அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் அறிவுரை. உணவை இரும்புப் பெட்டியில் பூட்டுங்கள், சமைக்கும் இடத்துக்கும் படுக்கும் இடத்துக்கும் நூறு யார் இடைவெளி விடுங்கள், பற்பசையைக் கூடக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். நல்ல அறிவுரைதான். ஆனால் அது வேறொரு கரடியை மனதில் வைத்து எழுதப்பட்டது.

கலிபோர்னியாவின் யொசெமிட்டி பூங்காவில் 1998ஆம் ஆண்டு மட்டும் 1500க்கும் மேற்பட்ட கரடிச் சம்பவங்கள் பதிவாகின. பெரும்பாலானவை கார்க் கதவைப் பிய்த்து உள்ளே இருந்த சாப்பாட்டை எடுத்தவை. அங்குள்ள கறுப்புக் கரடி மனிதரின் உணவைத் தேடி வரக் கற்றுக்கொண்ட விலங்கு. அதனால் அங்கே பாதுகாப்பு என்பது முதலில் உணவைப் பூட்டி வைப்பது. எங்கள் கரடியிடம் ஆபத்து வேறு வழியாக வருகிறது. நாம் பக்கத்தில் வந்ததை அது கவனிக்காமல் இருந்து, திடீரென்று காணும் அந்தக் கணம்தான் ஆபத்து. ஏன் கவனிக்கவில்லை என்பதற்கான விடை அதன் வாயிலும் மூக்கிலும் இருக்கிறது.

இலங்கையில் வாழும் ஒரே கரடி இனம், ஆங்கிலத்தில் ஸ்லோத் பெயார் (sloth bear) எனப்படும் மெலர்சஸ் உர்சைனஸ். அதில் இனோர்னாட்டஸ் என்ற துணையினம் இங்கு மட்டுமே உண்டு. வில்பத்து, யால, வஸ்கமுவ போன்ற உலர்வலயக் காடுகளில் வாழ்கிறது. மொத்தம் ஆயிரத்துக்கும் குறைவாகவே இருக்கும் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. முக்கிய உணவு கறையான். இதற்கென்றே அதன் முகம் முழுவதும் மாறி அமைந்திருக்கிறது. மேல்தாடையின் நடுவில் இருக்க வேண்டிய இரண்டு வெட்டுப்பற்கள் அதற்கு இல்லை. அந்த இடைவெளிக்குப் பின்னால் அண்ணம் குழிந்து கிடக்கிறது. உதடுகள் நீண்டு, இழுத்துக் குவிக்கக் கூடியவை. நீண்ட நகங்களால் புற்றைக் கிழித்தபின், உதடுகளைக் குழாயாகக் குவித்து முதலில் பலமாக ஊதி மண்ணை விலக்கும். பிறகு தூசி உறிஞ்சும் இயந்திரம் போலக் கறையான்களை உள்ளே இழுக்கும். இந்த ஊதலும் உறிஞ்சலும் 100 மீட்டருக்கு அப்பாலும் கேட்கும். மண்ணும் பூச்சியும் நுழையாமல் இருக்க, தன் மூக்குத் துவாரங்களை விரும்பியபோது மூடிக்கொள்ளவும் அதனால் முடியும்.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். கரடி உலகை அறிவது முதலாவதாக மூக்கால். பார்வை அவ்வளவு கூர்மையானதல்ல. புற்றுக்குள் தலையை விட்டு உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது அந்த மூக்கு மூடியிருக்கிறது, கண் மண்ணை நோக்கியிருக்கிறது, காதுக்குள் தன் சொந்த இரைச்சல். அந்த வேளையில் நாம் இருபது மீட்டர் தூரத்தில் நடந்து வந்தாலும் அதற்குத் தெரியாமல் போகலாம். தலையை நிமிர்த்தும்போது நாம் ஏற்கனவே அதன் எல்லைக்குள் நிற்கிறோம்.

அப்போது அது ஏன் ஓடிப்போகாமல் பாய்கிறது? கறுப்புக் கரடி ஆபத்து வந்தால் குட்டிகளை மரத்தில் ஏற்றிவிடும். எங்கள் கரடி குட்டிகளை முதுகில் சுமந்து திரியும். பல மாதங்கள் வரை குட்டிகள் தாயின் அடர்ந்த முதுகு மயிரைப் பற்றிக்கொண்டே பயணம் செய்யும். இந்த இனம் புலியோடும் சிறுத்தையோடும் யானையோடும் காட்டைப் பகிர்ந்து வளர்ந்தது. மரம் ஏறத் தெரிந்திருந்தும், அது தப்புவதற்கு ஏறுவதில்லை. சிறுத்தையும் மரம் ஏறும் என்பதால் மேலே போவதில் பயனும் இல்லை. நின்ற இடத்தில் நின்று, கூச்சலிட்டு, முன்பாய்ந்து எதிரியைத் திடுக்கிட வைப்பதே அதன் தற்காப்பு. அது நம்மை இரையாக நினைக்கவில்லை. ஆனால் காயம் பெரும்பாலும் முகத்திலும் தலையிலும் விழுகிறது என்பதால், நோக்கம் தற்காப்பு என்பது அடிபட்டவருக்கு ஆறுதல் தராது.

இனி ஜூன் மாதத்துக்கு வருவோம். மே முதல் ஜூலை வரை பாலைப்பழம் பழுக்கும் காலம். வழக்கமாக இரவில் திரியும் கரடி, பாலை மரத்தடியில் பட்டப்பகலிலும் நிற்கும். பார்வையாளர்களுக்குக் கொண்டாட்டம். அதே மாதங்களில் காடு வறண்டு, விலங்குகள் வில்லு எனப்படும் இயற்கைக் குளங்களை நோக்கிக் கூடும். அதே மாதங்களில்தான் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றும் வலுக்கும். இலைகள் ஓயாமல் சலசலக்கும்போது நம் காலடிச் சத்தம் அதற்குள் கரைந்துபோகும். பழம், தண்ணீர், காற்று மூன்றும் ஒன்றாகச் சேர்வது எங்கள் நீண்ட வார இறுதிகளோடு ஒத்துப்போகிறது. கரடி நம் பக்கம் இருக்கவும், அது நம்மைக் கேட்காமல் இருக்கவும் ஆண்டிலேயே இதைவிடப் பொருத்தமான காலம் இல்லை.

வஸ்கமுவவில் கரடிகளுக்கு ரேடியோக் கழுத்துப்பட்டி மாட்டி ஷியாமளா ரத்நாயக்கவும் சக ஆய்வாளர்களும் செய்த ஆய்வில், ஒரு கரடி நடமாடும் பரப்பு சராசரியாக 2 முதல் 4 சதுர கிலோமீட்டர் மட்டுமே என்று தெரியவந்தது. கரடி இனங்களில் பதிவான மிகச் சிறிய பரப்புகளில் இதுவும் ஒன்று. நாங்கள் ஓர் இரவு தங்கும் வெளி, ஒரு கரடிக்கு அன்றாடம் நடந்து பழகிய முற்றம். எனவே அது இந்தப் பக்கம் வராது என்ற நம்பிக்கையில் கூடாரம் அடிக்கக் கூடாது.

வருவதைத் தெரிவிக்கும் முறையில் காற்றின் திசை முக்கியம். காற்று நம் முதுகில் அடித்தால் நம் வாசனை முன்னே போகும். கரடி நம்மை முன்பே அறிந்து விலகும். முகத்தில் அடித்தால் வாசனை பின்னால் போய்விடும். அப்போது குரலைத்தான் நம்ப வேண்டும். சிலர் சிறு மணிகளை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். நான் அதைப் பரிந்துரைக்கமாட்டேன். மணியின் கீச்சொலி உயர் அதிர்வெண் கொண்டது. அது இலைகளில் பட்டுச் சிதறி விரைவில் அடங்கிவிடும். சாதாரணமாகச் சத்தமாகப் பேசும் மனிதக் குரலின் தாழ்ந்த பகுதி பற்றைக்குள் அதிக தூரம் செல்லும். அது மனிதன் என்பதும் கரடிக்கு விளங்கும். பூங்காவுக்குள் குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் வாகனத்தை விட்டு இறங்கக் கூடாது என்ற விதியின் நியாயமும் இதே. ஜீப்பின் இயந்திரச் சத்தம் முன்கூட்டியே போய்ச் சொல்லிவிடுகிறது. அமைதியாக நடக்கும் மனிதன் சொல்வதில்லை.

கூடார இடத்தில் மிக ஆபத்தான நேரம் நள்ளிரவில் மலசலகூடத்துக்குப் போகும் அந்தச் சில நிமிடங்கள். தூக்கக் கலக்கத்தில், மற்றவர்களை எழுப்பக் கூடாதென்று மெதுவாக நடக்கும் நல்ல பழக்கம் இங்கே உதவாது. இருவராகப் போங்கள். கூடாரத்தைத் திறக்குமுன் டோர்ச் அடித்துப் பாருங்கள், கை தட்டுங்கள், பேசிக்கொண்டே நடவுங்கள். கூடாரத்தைப் புற்றுக்கும் பாலை மரத்துக்கும் தண்ணீர்க் கரைக்கும் விலங்குத் தடத்துக்கும் விலக்கி அடியுங்கள். புதிதாகத் தோண்டிய புற்றுக் குழியோ, மரப்பட்டையில் நகக்கீறலோ, பாலை விதை நிறைந்த எச்சமோ கண்டால் உடன்வரும் பூங்கா வழிகாட்டியான ட்ரெக்கரிடம் காட்டுங்கள். அவர் சொல்லும் இடம் நிழல் குறைந்ததாக இருந்தாலும் அதையே ஏற்றுக்கொள்ளுங்கள்.

உணவு விஷயத்தில் கவனம் தேவையில்லை என்று சொல்ல வரவில்லை. கரடிக்குத் தேனும் பழமும் பிரியம். யானை, காட்டுப்பன்றி, நரி எல்லாம் வாசனைக்கு வரும். வாழைப்பழம், மாம்பழம், கித்துள் பாணி ஆகியவற்றைப் பொலித்தீன் பைக்குள் முடிச்சுப் போட்டு வைத்தால் வாசனை நின்றுவிடும் என்று நினைக்கிறோம். பழ மணத்தைத் தரும் எசுத்தர்கள் சிறிய மூலக்கூறுகள். மெல்லிய பொலித்தீனின் நீண்ட சங்கிலிகளுக்கு இடையால் அவை மெல்ல ஊடுருவி வெளியேறும். உலோகமும் கண்ணாடியும் அவற்றை விடாது. பால்மா டின், கண்ணாடிப் போத்தல் நல்லவை. கருவாட்டு வாடைக்குக் காரணமானவற்றில் ஒன்று டிரைமெதைலமீன் என்ற காரப் பொருள். கையில் தேசிக்காய் தேய்த்தால் அமிலம் அதனோடு சேர்ந்து ஆவியாகாத உப்பாக மாற்றும், பிறகு நீரில் கழுவிவிடலாம். ஆனால் சமைத்த உடுப்பின் நூலில் ஒட்டிய எண்ணெய் இரவு முழுவதும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும். அந்த உடுப்போடு படுக்காதீர்கள். இரவில் தரையோடு ஒட்டிய காற்று முதலில் குளிர்வதால், காற்று ஓய்ந்த நேரத்தில் வாசனை மேலே எழாமல் நிலத்தோடு படிந்து பரவும். கரடியின் மூக்கு இருக்கும் உயரமும் அதுதான். மிச்சம் மீதியைப் புதைக்க வேண்டாம். அதைத் தோண்டி எடுக்கவென்றே படைக்கப்பட்ட நகங்கள் அங்கே இருக்கின்றன. எல்லாவற்றையும் மூடி வாகனத்தில் வைத்து, கொழும்புக்கே கொண்டுவாருங்கள்.

மிளகாய்த் தெளிப்பான் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அலாஸ்காவின் 1985 முதல் 2006 வரையான சம்பவங்களை ஆராய்ந்து 2008இல் வெளியான ஆய்வில், அதைப் பயன்படுத்தியவர்களும் உடனிருந்தவர்களும் 98 வீதம் காயமின்றித் தப்பியிருந்தார்கள். ஆனால் அங்கே எதிரில் நின்றவை வேறு கரடிகள். எங்கள் கரடி பத்து மீட்டரில் திடுக்கிட்டு மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது என்று வைத்தால், அது நம்மை வந்தடைய ஒரு நொடிக்குச் சற்று மேல்தான் ஆகும். பையின் அடியில் கிடக்கும் எதுவும் அந்த நேரத்தில் கைக்கு வராது.

தூரத்தில் கண்டால் ஓடாமல், முதுகு காட்டாமல், மெதுவாகப் பேசியபடி பின்வாங்குங்கள். மரம் ஏறாதீர்கள். பாய்ந்து விழுத்திவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோர்த்துப் பின்கழுத்தை மூடி, முகத்தை மண்ணோடு அழுத்தி அசையாமல் கிடவுங்கள். ஆபத்து நீங்கிவிட்டதென்று கண்டால் அது போய்விடும். போனபின்னும் உடனே எழும்பாதீர்கள். இரத்தத்தைத் துணியால் அழுத்தி நிறுத்துங்கள். ஆழமில்லாத கீறல்களைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடமாவது கழுவுங்கள். பூங்காவுக்குள் ஜீப்தான் அம்புலன்ஸ். வாயிலுக்கு வந்து தொலைபேசித் தொடர்பு கிடைத்ததும் 1990 என்ற எண்ணில் சுவசெரிய அம்புலன்ஸ் சேவையை அழையுங்கள். காயம் சிறிதாகத் தெரிந்தாலும், விசர்நாய்க்கடி நோய்க்கும் ஏற்புவலிக்குமான தடுப்பூசிகளைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேட்க மறக்க வேண்டாம்.