பழைய என்லார்ஜர் வாங்கப் போகிறீர்களா? ஊசியும் ஒரு துண்டு ஃபிலிமும் கொண்டுபோங்கள்

ஏற்காட்டில் மூடிக்கிடந்த ஒரு ஸ்டுடியோவிலிருந்து, நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் பிரிண்ட் போடும் என்லார்ஜர் ஒன்றை வாங்கிவந்தார் ஒரு தம்பி. உயரமான தூண், விளக்கு இருக்கும் பெரிய தலை, பார்க்க அம்சமாக இருந்தது. பிரிண்ட் போட்டால் மட்டும் இடப்பக்கம் பளிச்சென்று இருக்கும், வலப்பக்க மூலை கஞ்சி ஊற்றியதுபோல் மங்கிவிடும். "பேப்பர் பழசாயிடுச்சாண்ணா?" என்றார். பேப்பர்மேல் குற்றமே இல்லை.

சேலத்தில் என் இருட்டறைக்கு இந்தப் புகாரோடு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கேமராவில் ஏற்றும்போது வெளிச்சம் பட்ட ஃபிலிம் முனை, டெவலப் செய்ததும் கன்னங்கரேல் என்று ஆகிவிடும் அல்லவா? அதைத் தூக்கிப்போடாமல், எமல்ஷன் (மருந்து பூசிய) பக்கம் ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிவையுங்கள். வாங்கப்போகும் இடத்தில் அதை நெகட்டிவைப் பிடித்துவைக்கும் சட்டமான கேரியரில் வைத்து, 8க்கு 10 அங்குலம் வரும்படி பெரிதாக்கி, லென்ஸை முழுதாகத் திறந்து நடுவில் ஃபோகஸ் செய்யுங்கள். நான்கு மூலைகளும் ஒன்றுபோல் மங்கினால் பெரும்பாலும் லென்ஸின் குணம்தான், லென்ஸின் துவாரத்தை இரண்டு படி (ஸ்டாப்) மூடினால் தெளிந்துவிடும். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் நெகட்டிவ், லென்ஸ், அடிப்பலகை மூன்றும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. அப்புறம் தூணை விரலால் மெல்லத் தட்டுங்கள். கோடுகள் ஆடி நிற்க நேரமானால், அதை மெயின் ரோட்டு வீட்டில் வைத்துக்கொண்டு லாரி போகும்போதெல்லாம் தவிக்க வேண்டியதுதான்.

லென்ஸைப் பற்றி அவ்வளவு கவலை வேண்டாம். பெரும்பாலானவை 39 மி.மீ. மரை, பிறகு மாற்றிக்கொள்ளலாம். 35 மி.மீ. ஃபிலிமுக்கு 50 மி.மீ. லென்ஸ், 6க்கு 6 செ.மீ. நெகட்டிவுக்கு 75 அல்லது 80, 6க்கு 7 செ.மீ. நெகட்டிவுக்கு 90. சின்ன லென்ஸில் பெரிய நெகட்டிவைப் போட்டால் மூலை இருண்டுவிடும். ஆனால் மலையிலிருந்து இறங்கிவரும் லென்ஸைப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஏற்காட்டுப் பனிமூட்டத்துக்குப் பூஞ்சையென்றால் கொண்டாட்டம், உள்ளே நூலாம்படைபோல் படர்ந்திருக்கும்.

வெளிச்சத்தை லென்ஸால் குவித்து அனுப்பும் கண்டென்சர் தலையில் கான்ட்ராஸ்ட் தூக்கலாக வரும், நெகட்டிவின் தூசும் கீறலும் கூடவே வரும். வெளிச்சத்தைப் பரப்பி அனுப்பும் டிஃப்யூஷன் தலை இதில் கொஞ்சம் கருணை காட்டும். கலர் தலை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்: அதன் மஞ்சள், மெஜந்தா ஃபில்டர்களைத் திருப்பியே மல்டிகிரேடு பேப்பருக்குக் கிரேடு, அதாவது கான்ட்ராஸ்ட் அளவு, மாற்றலாம்.

யாரும் பார்க்காத இடம் ஒயர். பழைய என்லார்ஜர் உலோக உடம்பு, பல நேரம் இரண்டு பின் பிளக். நம் கையோ எப்போதும் ஈரம். மூன்று கோர் ஒயர் மாற்றி எர்த் கொடுக்காமல் நான் எந்த என்லார்ஜரையும் தொடுவதில்லை. ஸ்டெபிலைசரும் வையுங்கள். மின்னழுத்தம் 10 சதவீதம் இறங்கினால் சாதா பல்பின் வெளிச்சம் கிட்டத்தட்ட 30 சதவீதம் போய்விடும். பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும் ஊரில், ஒரே 12 நொடி எக்ஸ்போஷருக்கு இரண்டு விதமாக பிரிண்ட் வருவது இப்படித்தான்.

சரி, அந்தத் தம்பியின் என்லார்ஜரில் லென்ஸ் பலகைதான் ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. விசிட்டிங் கார்டை நறுக்கி முட்டுக்கொடுத்தோம். அடுத்த பிரிண்ட் டெவலப்பரில் மெல்ல ஏறியபோது, வலது மூலையில் சில்வர் ஓக் மரத்தைச் சுற்றியிருந்த மிளகுக்கொடி இலை இலையாகத் தெரிந்தது. அங்கே கொடி இருந்ததே அவருக்கு அதுவரை தெரியாதாம்.