தண்ணீர்க் கணக்கு யார் கையில்?

சிறுநீரகம் செயலிழந்த கணவருக்கு வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் (இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்வது) என்று முடிவானதும் வீட்டில் முதலில் மாறுவது சமையலறை. அடுத்தது, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளும் விதம். குடிக்கும் தண்ணீர் சிறுநீராகச் சரியாகப் போகாமல் உடம்பில் தேங்கும் என்பதால் தண்ணீருக்கு அளவு உண்டு. "இன்னிக்கு எவ்வளவு தண்ணி குடிச்சீங்க?" என்பதைத் தாண்டிப் பேச்சே இருக்காது. கேட்கக் கேட்க அவர் ஒளித்துக் குடிப்பார். டயாலிசிஸுக்கு முன் எடை பார்க்கும்போது குட்டு உடையும். அன்று மாலை வீட்டில் சண்டை.

இந்தச் சண்டையின் வேர் பெரும்பாலும் தண்ணீரில் இல்லை, உப்பில் இருக்கிறது. உப்பு ஏறினால் தாகம் ஏறும். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைத் தட்டில் வைத்துவிட்டு "தண்ணியைக் குறை" என்றால் யாராலும் முடியாது. நாளுக்கு மொத்தமே 5 கிராம் உப்பு, சுமார் ஒரு டீஸ்பூன். வீட்டில் எல்லோரும் அதே சமையலைச் சாப்பிட்டால் 'நோயாளிச் சாப்பாடு' என்று தனித் தட்டு விழாது. 'சோடியம் குறைந்த உப்பு' மட்டும் வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும்பாலும் பொட்டாசியம் சேர்ந்திருக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத்துடிப்பையே குலைத்துவிடும்.

தண்ணீருக்கு வழக்கமான கணக்கு: 24 மணி நேரத்தில் போகும் சிறுநீரின் அளவு, அதோடு 500 மி.லி. 300 மி.லி. போகிறவருக்கு 800. உங்கள் மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதுதான் கணக்கு. காபி, ரசம், மோர், கஞ்சி எல்லாம் இதற்குள் அடக்கம். காலையில் ஒரு பாட்டிலில் 800 மி.லி. நிரப்பிக்கொள்ளட்டும். ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து அதே டம்ளர் அளவைச் செடிக்கு ஊற்றிவிட வேண்டியதுதான். பாட்டில் நோயாளியின் கையில் இருக்க வேண்டும், துணையின் கையில் அல்ல. உடம்பில் ஒரு லிட்டர் தேங்கினால் ஒரு கிலோ கூடும். தினமும் எடை பார்த்துக் குறிப்பதும் அவர் வேலைதான்.

படுக்கையறைப் பேச்சை யாரும் எடுப்பதில்லை. ரத்தசோகை, ஹார்மோன் மாற்றம், சர்க்கரை, சில பி.பி. மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து ஆசையையும் விறைப்பையும் குறைக்கும். மனைவியோ 'என்னைப் பிடிக்கவில்லை' என்று எடுத்துக்கொள்வார். மருத்துவரிடம் கேளுங்கள், கடையில் நேராக விறைப்பு மாத்திரை வாங்க வேண்டாம். நெஞ்சுவலிக்கான நைட்ரேட் மாத்திரையோடு சேர்ந்தால் பி.பி. அபாயகரமாகச் சரியும். டயாலிசிஸ் செய்துகொள்பவர் பெண்ணாக இருந்தால், மாதவிலக்கு தாறுமாறாக வந்தாலும் கரு தங்கலாம், கவனம்.

ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) போட்ட கையின் மேல் தலை வைத்துப் படுக்கக் கூடாது. ஆனால் தினமும் அதைத் தொட்டுப் பார்க்கலாம். பூனை உறுமுவதுபோல் உள்ளே ஓர் அதிர்வு இருக்கும். அது நின்றிருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பிறகு வரும் கேள்வி, 'பெண்டாட்டி கிட்னி கொடுப்பாளா?' 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி கணவனும் மனைவியும் நெருங்கிய உறவுதான். ரத்தவகை பொருந்தாவிட்டால் இன்னொரு ஜோடியோடு மாற்றிக்கொள்ளவும் வழியுண்டு. ஆனால் கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. மாமியார் வீட்டார் முன்னால் 'மாட்டேன்' என்று சொல்ல வராதவர், மருத்துவக் குழுவிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டு வாங்கி அங்கே சொல்லலாம்.