படப்புத்தகம்: படம் போட்டதெல்லாம் படப்புத்தகமா?

படப்புத்தகம் என்பது, படமும் சொல்லும் ஆளுக்குப் பாதி வேலையை எடுத்துக்கொண்டு, பக்கத்தைப் புரட்டப் புரட்ட ஒரே கதையைச் சொல்லும் சிறுவர் புத்தகம். ஆங்கிலத்தில் இதைப் பிக்சர் புக் என்கிறார்கள். படத்தை மறைத்துவிட்டு எழுத்தை மட்டும் படித்தாலும், எழுத்தை மறைத்துவிட்டுப் படத்தை மட்டும் பார்த்தாலும் கதை குறைபட வேண்டும். எழுத்து மட்டுமே முழுக்கதையையும் சொல்லிவிட்டால் அது கதைப்புத்தகம்தான், படம் அதற்கு அலங்காரம்.

இந்த வேறுபாடு நம் பேச்சில் இல்லை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் குழந்தைக்கு ஒரு புத்தகம் கேட்டால், ‘பொம்ம புக்கு இருக்குது, எடுத்துக்கோம்மா’ என்று ஒரு கட்டுப் புத்தகத்தை எடுத்துப் போடுவார்கள். வட சென்னையில் பொம்மை என்றால் விளையாட்டுச் சாமான் மட்டுமல்ல, படமும்தான். சுவரில் கிறுக்குகிற பிள்ளையை ‘பொம்ம போடுறான்’ என்போம். தெலுங்கிலும் ‘பொம்ம’ என்பதற்கு இந்த இரண்டு பொருளும் உண்டு, இங்கே இரண்டு மொழியும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அழகான சொல்தான். ஆனால் அந்தப் புத்தகக் கட்டில் அ-அம்மா, ஆ-ஆடு புத்தகம் இருக்கும், வண்ணம் தீட்டும் புத்தகம் இருக்கும், நீதிக்கதைத் தொகுப்பு இருக்கும். படப்புத்தகம் பெரும்பாலும் இருக்காது.

சொல்லின் வேரைப் பார்ப்போம். படம் என்பதை வடமொழியின் ‘பட’ என்னும் சொல்லோடு சேர்த்துக் காட்டுவார்கள். அதற்குத் துணி என்று பொருள். துணியில் எழுதிய ஓவியத்துக்கு முதலில் ஆகி, பிறகு எதில் வரைந்தாலும் படம் என்றாயிற்று. துணி என்ற பழைய பொருள் சங்கப் பாடலிலேயே கிடைக்கிறது. பேகன் மயிலுக்குப் போர்த்தியதைப் புறநானூறு 141ஆம் பாட்டு ‘படாஅம்’ என்கிறது. தமிழின் ‘கிழி’யும் இதே வழியில் வந்த சொல். காதல் கைகூடாமல் பனைமடல் குதிரையில் ஏறி ஊரறிய வரும், அதாவது மடலேறும், சங்கப் பாடல் தலைவன் கையில் பிடித்திருப்பது காதலியின் உருவம் எழுதிய கிழி, அதாவது துணித்துண்டு. கம்பெனிக் காலத்தில் கப்பலேறிய துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்களால் பெயர் பெற்ற வண்ணாரப்பேட்டையில் உட்கார்ந்து இதை எழுதும்போது, படத்துக்கும் துணிக்கும் உள்ள இந்த உறவு எனக்குத் தனி மகிழ்ச்சி தருகிறது.

புத்தகம் வடமொழியின் ‘புஸ்தக’ என்பதோடு தொடர்புடையது. ‘பொத்தகம்’ என்ற வடிவமும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘பொத்தகப்படி’ என்று வரும்போது பொத்தகம் கணக்கு ஏட்டைக் குறிக்கும். தனித்தமிழ் ஆர்வலர்கள் பொத்து என்னும் வினையிலிருந்து அதை விளக்குவார்கள். சரி, அந்த வழக்கு இருக்கட்டும். இரண்டு சொல்லும் சேரும்போது ப் மிகும்: மரக்கிளை போல, படப்புத்தகம். ‘பட புத்தகம்’ என்று பிரித்து அச்சிடுவது தவறு. ஆங்கிலத்திலும் படமும் சொல்லும் பிரிக்க முடியாதவை என்று காட்டுவதற்காகச் சில ஆய்வாளர்கள் இரண்டு சொல்லை ஒட்டி ஒரே சொல்லாக எழுதுகிறார்கள். நமக்குப் புணர்ச்சி இலக்கணமே அதைச் செய்து தருகிறது.

தமிழில் வேறு பெயர்களும் புழங்குகின்றன. சித்திரக்கதை, படக்கதை இரண்டும் கட்டம் கட்டமாக, பேச்சுக் குமிழிகளோடு வரும் காமிக்ஸுக்குப் போய்விட்டன. அவற்றை அங்கேயே விட்டுவிடுவது நல்லது. ஓவிய நூல் என்றால் ஓவியக் கலையைப் பற்றிய நூல் என்று தோன்றும். படநூல் சுருக்கமானது, கட்டுரையில் நன்றாக இருக்கும். ஆனால் குழந்தை கேட்கிற சொல் அல்ல. என் தேர்வு படப்புத்தகம்தான். நூலக அட்டையிலும் எழுதலாம், நாலு வயதுப் பிள்ளையும் சொல்லும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழந்தமிழில் எழுதுதல் என்பது எழுத்துக்கு மட்டும் உரியதல்ல. ஓவியத்தையும் எழுதினார்கள், கண்ணுக்கு மையும் எழுதினார்கள். ‘எழுதுங்கால் கோல்காணாக் கண்ணேபோல்’ என்ற 1285ஆம் குறளில் எழுதுவது மைதான். கோவில்களில் இன்றும் சாமி படத்தை எழுதுவது என்று சொல்பவர்கள் உண்டு. படம் வரைபவரையும் கதை சொல்பவரையும் ஒரே வினைச்சொல்லால் குறித்த மொழியில், படப்புத்தகத்தின் அட்டையில் ஓவியர் பெயரைச் சின்ன எழுத்தில் கீழே தள்ளுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு பேரும் அதை எழுதியவர்களே.

ஐரோப்பாவில் 1658இல் நியூரம்பர்க்கில் கல்வியாளர் கொமீனியஸ் வெளியிட்ட புத்தகத்தைத்தான் குழந்தைகளுக்கான முதல் படப்புத்தகமாகப் பலரும் குறிப்பிடுவார்கள். மரக்கட்டை அச்சுப் படங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண், கீழே லத்தீனிலும் ஜெர்மனிலும் பெயர்கள். நம் எம்.சி. ரோட்டு அரிச்சுவடிக்கு அது முன்னோடி. இன்றைய பொருளில் படப்புத்தகம் என்றால், 1878இலிருந்து லண்டனில் ராண்டால்ஃப் கால்டிகாட் வரைந்த புத்தகங்களைத்தான் சொல்ல வேண்டும். குழந்தைப் பாட்டுகளுக்குப் படம் போட்டு, பாட்டு வரியில் இல்லாத சேதியைப் படத்தில் சொன்னவர் அவர். அமெரிக்க நூலகச் சங்கம் 1938இலிருந்து சிறந்த படப்புத்தக ஓவியருக்கு அவர் பெயரில்தான் பதக்கம் தருகிறது.

தமிழில் ஒரு தலைமுறைக்குப் படப்புத்தகத்தை அறிமுகப்படுத்தியவை மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக வந்த சோவியத் புத்தகங்கள். அப்புறம் 90களில் சென்னையிலேயே தாரா, தூலிகா என்ற பதிப்பகங்கள் வந்தன. தூலிகை என்றால் ஓவியரின் தூரிகை.

சரி, நல்ல படப்புத்தகத்தை எப்படி அறிவது? மீன்பிடித் துறைமுகமான காசிமேட்டை வைத்து ஒரு பக்கத்தைக் கற்பனை செய்வோம். எழுத்து: ‘ஆயா கூடையை இறக்கி வைத்தாள்.’ அவ்வளவுதான். படத்தில் ஆயா வாடிக்கையாளரிடம் விலை பேசுகிறாள், கூடைக்குப் பின்னால் ஒரு பூனையின் வால். அடுத்த பக்கம்: ‘ஐந்து சங்கரா இருந்தது.’ படத்தில் நான்கு. குழந்தை விரல் வைத்து எண்ணும், ஆயாவுக்குத் தெரியாதது தனக்குத் தெரிந்துவிட்ட குஷியில் கத்தும். ‘பூனை ஒரு மீனைத் திருடியது’ என்று எழுதிவிட்டால் எல்லாம் போச்சு. எழுத்து எங்கே வாயை மூடிக்கொள்கிறது என்பதில்தான் இந்தக் கலையின் உயிர் இருக்கிறது. மாலையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து படிக்கும்போது நான் கண்டது இது: பெரியவர்கள் வரியைப் பார்க்கிறோம், அவர்கள் மூலையைப் பார்க்கிறார்கள். எழுத்து கூட்டத் தெரியாத பிள்ளைதான் அந்த வாலை முதலில் கண்டுபிடிக்கும்.

பக்கம் திரும்பும் இடமும் கதையின் பகுதி. வலப்பக்கத்தில் கேள்வி நிற்க வேண்டும், விடை தாளுக்குப் பின்னால் இருக்க வேண்டும். உலகம் முழுக்கப் படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கமாக இருப்பது அச்சுக் கணக்கு. பெரிய தாளில் பாரம் என்கிற ஒரு தொகுதி 8 அல்லது 16 பக்கமாக அச்சாகி மடியும், எனவே 32 என்பது மீதமில்லாத எண். நடுவில் கம்பி அடிக்கிற மெல்லிய புத்தகம் என்றால் நான்கின் மடங்காக இருந்தாலே போதும். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் தாள் விலை கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும்.

தமிழில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு, மொழிநடை. படப்புத்தகம் உரக்கப் படிப்பதற்கானது. ‘அவன் விரைந்து சென்றனன்’ என்று அச்சிட்டால், படிக்கிற அம்மா மனசுக்குள் அதை மாற்றி ‘வேகமா ஓடுனான்’ என்றுதான் சொல்வாள். பிள்ளை பார்க்கும் எழுத்தும் கேட்கும் ஒலியும் ஒட்டாமல் போகும். ‘வேகமாக ஓடினான்’ என்று எழுதினால் இரண்டும் நெருங்கி வந்துவிடும். உரையாடலை முழுக்கப் பேச்சிலேயே விடலாம் என்பேன்.

படத்தில் என்ன வருகிறது என்பதும் முக்கியம். பனிவீடும் ஸ்ட்ராபெரியும் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் திருவொற்றியூர்ப் பிள்ளை தினமும் பார்ப்பது வரிசையாக நிற்கும் கண்டெய்னர் லாரி, துறைமுகத்துக் கிரேன், ஐஸ் பெட்டி, ஃபைபர் படகு, குடத்தோடு தண்ணி லாரிக்குப் பின்னால் ஓடும் அக்கா. தன் தெரு அச்சில் வரும் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

கூடவே தெரிந்துகொள்ள வேண்டிய சில சொற்கள்: கடித்தாலும் கிழியாத கெட்டி அட்டையில் வருவது அட்டைப் புத்தகம், விதிவிலக்காக எழுத்தே இல்லாமல் வருவது சொல்லில்லாப் படப்புத்தகம், பொருளும் பெயரும் மட்டும் உள்ளது பட அரிச்சுவடி. கிளை நூலகத்தில் இவற்றை ஒரே அலமாரியில் ‘சிறுவர்’ என்று போட்டுவைத்திருந்தால், படப்புத்தகத்துக்கு மட்டும் தனித் தட்டு கேளுங்கள். அதுவும் கீழ்த்தட்டாக, முன்னட்டை தெரிகிற மாதிரி. முதுகில் இருக்கும் தலைப்பைப் படிக்கத் தெரியாதவர்கள்தான் அதைத் தேடி வருவார்கள்.